பிடுங்கிய வீட்டை யாரிடம் கொடுப்பது?

சிரியாவின் தலைநகரம் டமாஸ்கஸில், மெஸ்ஸே பக்கம் பசாத்தீன் அல்ராஸி என்றொரு குடியிருப்பு இருந்தது. தோட்டங்களுக்கு நடுவே ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்ட வீடுகள். பலரிடம் முறையான பத்திரம் கிடையாது. 2012-இல் ஜனாதிபதி அசாத்தின் அரசு 66-ஆம் எண் ஆணையைப் போட்டு, மறுசீரமைப்பு என்ற பெயரில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு, வரப்போகும் திட்டத்தில் பங்கு என்று ஒரு தாள் கிடைத்தது. மற்றவர்களுக்கு அதுகூட இல்லை. வீடுகளை இடித்துவிட்டு அதே மண்ணில் 'மரோட்டா சிட்டி' என்ற ஆடம்பர அடுக்குமாடித் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2018-இல் வந்த 10-ஆம் எண் சட்டம் இதே ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் நீட்டியது. உரிமையை நிரூபிக்க அதில் கொடுத்த கெடு முதலில் 30 நாள். அகதிகளாக வெளியேறிக் கிடந்தவர்களுக்கும் அதே 30 நாள்தான். வெளியிலிருந்து எதிர்ப்பு வலுத்த பிறகு அது ஓராண்டானது.

2024 டிசம்பர் 8 அன்று அசாத் ரஷ்யாவுக்குத் தப்பிப் போனார். ஊர் திரும்புகிறவர்கள் முதலில் தேடுவது வீட்டைத்தான். சிலருக்கு வீடே இல்லை. சிலருக்கு வீடு இருக்கிறது, உள்ளே வேறொரு குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பமும் வேறொரு ஊரிலிருந்து துரத்தப்பட்டதாக இருக்கலாம். யாருக்கு எதைக் கொடுப்பது?

1989-க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பா முழுக்க இதே கேள்விதான் ஓடியது. கம்யூனிஸ்ட் அரசுகள் நாற்பது ஆண்டுகளாகப் பறித்து வைத்திருந்த வீடு, வயல், ஆலை எல்லாவற்றுக்கும் பழைய சொந்தக்காரர்களோ வாரிசுகளோ வந்து நின்றார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியைக் காட்டியது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டதால் எது தேறியது, எது தேறவில்லை என்று இப்போது நன்றாகவே தெரிகிறது.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்றுதான் எல்லோரும் விவாதிக்கிறார்கள். ஆனால் அந்தச் சொத்தில் இன்று யார் இருக்கிறார் என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். பழைய பத்திரத்தை மட்டும் பார்த்த நாடுகள் சிரமப்பட்டன. எதையும் பார்க்காமல் ஒத்திப்போட்ட நாடுகள் அதைவிட மோசமாக மாட்டிக்கொண்டன.

எந்தத் தேதியிலிருந்து?

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பாதி நியாயம் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

செக்கோஸ்லோவாக்கியா 1948 பிப்ரவரி 25-ஐத் தேர்ந்தெடுத்தது. கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய நாள் அது. அதற்குப் பிறகு பறிபோனதற்குத்தான் சட்டம் பொருந்தும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, போர் முடிந்த கையோடு, ஜனாதிபதி பெனேஷ் போட்ட ஆணைகளின்படி சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்களின் சொத்தைப் பறித்து அவர்களை நாட்டைவிட்டே விரட்டியிருந்தார்கள். தேதி அவர்கள் அத்தனை பேரையும் வெளியே நிறுத்தியது. அது தற்செயல் அல்ல, தேதியைத் தேர்ந்தெடுத்ததன் நோக்கங்களில் ஒன்றே அதுதான்.

இதில் நமக்குத் தெரிந்த ஒரு பெயரும் மாட்டிக்கொண்டது. நம்மூரில் பள்ளிக்கூடக் கறுப்பு ஷூ என்றாலே பாட்டாதான். இந்தியக் கம்பெனி என்றே பலர் நினைத்திருப்போம். அது பிறந்த ஊர் செக் நாட்டின் ஸ்லீன். அங்கிருந்த தாய் ஆலை 1945-இலேயே நாட்டுடைமையாகிவிட்டது. 1989 டிசம்பரில் நிறுவனரின் மகன் தாமஸ் பாட்டா ஸ்லீனுக்கு வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. ஆனால் ஆலை திரும்பக் கிடைக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வருமுன்பே போன சொத்து அது என்பதால் சட்டத்தின் கணக்கில் வரவில்லை.

ஹங்கேரி முதலில் 1949 ஜூன் 8 என்று வைத்தது. அப்படியானால் போர்க்காலத்தில் யூதர்களிடமிருந்து பறித்தது என்ன ஆவது என்ற கேள்வி எழுந்தது. 1992-இல் இன்னொரு சட்டம் போட்டு, தேதியை 1939 மே 1 வரை பின்னுக்கு நகர்த்தினார்கள். ஜெர்மனியின் ஏற்பாடு இன்னும் விசித்திரம். நாஜிகள் 1933 முதல் 1945 வரை பறித்தது உள்ளே, கிழக்கு ஜெர்மன் அரசு 1949-க்குப் பிறகு பறித்தது உள்ளே, நடுவில் சோவியத் ராணுவ நிர்வாகம் இருந்த 1945–49 மட்டும் வெளியே. அந்த நான்கு ஆண்டுகளில்தான் நூறு ஹெக்டேருக்கு மேல் நிலம் வைத்திருந்த பண்ணையார்கள் எல்லாரிடமிருந்தும் ஒரு பைசா கொடுக்காமல் நிலத்தை எடுத்துச் சிறு விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். 1990 ஜூன் 15 அன்று இரு ஜெர்மனிகளும் வெளியிட்ட கூட்டறிக்கை, இதைத் தொடமாட்டோம் என்றது. இணைப்புக்கு மாஸ்கோ போட்ட நிபந்தனை இது என்றது மேற்கு ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் கோலின் அரசு. அப்படி ஒரு நிபந்தனையே போடவில்லை என்று பின்னாளில் கோர்பச்சேவ் சொன்னார். அரசியல் சாசன நீதிமன்றம் 1991-இல் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. பண்ணைக் குடும்பங்களின் ஆத்திரம் தீரவில்லை. என்னைக் கேட்டால், நியாயத்தில் ஓட்டை இருந்தாலும் நடைமுறையில் அது சரியான முடிவு. 45 ஆண்டு உழுத நிலத்தைத் திரும்பப் பிடுங்கியிருந்தால் கிராமம் கிராமமாகக் கலவரம் வந்திருக்கும்.

வீட்டையே திருப்பிக் கொடுத்தவர்கள்

பொருளையே திருப்பிக் கொடுப்பதில் செக் நாட்டை விடத் துணிச்சலாக இறங்கியவர்கள் குறைவு. 1990-இல் ஒரு சிறு சட்டம், 1991-இல் ஒரு பெரிய சட்டம், அதே ஆண்டில் விவசாய நிலத்துக்குத் தனிச் சட்டம். மனுப் போட ஆறு மாதம்தான் கெடு. கொடுத்தால் கொடுத்ததுதான், விட்டால் விட்டதுதான். அந்த வேகத்துக்கு ஒரு பலன் இருந்தது. எந்தக் கட்டடம் வழக்கில் இருக்கிறது, எது வில்லங்கமில்லாமல் இருக்கிறது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டதால் அரசு மிச்சத்தை விற்கவும் தனியார்மயமாக்கவும் முடிந்தது.

ஆனால் மனுப் போடுகிறவர் செக்கோஸ்லோவாக்கியக் குடிமகனாகவும் நாட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து ஓடியவர்தானே முதலில் சொத்தை இழந்தவர்? அவரையே இந்த நிபந்தனை வடிகட்டியது. அமெரிக்கா போய் அங்கே குடியுரிமை வாங்கியவர்கள் நிலை இன்னும் பரிதாபம். 1928-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒரு பழைய ஒப்பந்தத்தின்படி அவர்களுடைய செக் குடியுரிமை தானாகவே பறிபோயிருந்தது. குடியிருப்பு நிபந்தனையை 1994-இல் நீதிமன்றம் தூக்கியது. குடியுரிமை நிபந்தனை அப்படியே நின்றது. ஐநா மனித உரிமைக் குழு இதைப் பாரபட்சம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் செக் அரசு அசையவில்லை.

திரும்பக் கிடைத்தவர்கள் கதையும் எப்போதும் சுகமானதாக இல்லை. லோப்கோவிட்ஸ் என்ற பிரபுக் குடும்பம் நாஜிகளிடம் ஒரு முறை, கம்யூனிஸ்டுகளிடம் ஒரு முறை என்று சொத்தை இரண்டு தடவை இழந்த குடும்பம். அமெரிக்காவில் வளர்ந்த பேரன் வில்லியம் 1990-களில் பிராகுக்கு வந்து மனுப் போட்டார். அசையும் பொருளைக் கேட்பதென்றால் அது இன்ன பொருள், இன்ன இடத்தில் இருக்கிறது என்று கேட்பவரே காட்ட வேண்டும். ஓவியம் ஒரு மியூசியத்தில், நாற்காலி ஒரு மாளிகையில், புத்தகம் ஒரு நூலகத்தில் என்று நாடெங்கும் சிதறிக் கிடந்ததைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டார்கள். புரூகலின் 'வைக்கோல் அறுவடை' ஓவியமும் பேத்தோவன் கைபட்ட இசைத்தாள்களும் அதில் உண்டு. பிராக் கோட்டைக்குள் இருக்கும் மாளிகை 2002-இல்தான் கைக்கு வந்தது. ஒழுகும் கூரையோடு வந்த கோட்டைகளுக்கு வருமானமும் இல்லை, பராமரிக்கப் பணமும் இல்லை. சிலவற்றை விட்டுக்கொடுத்துத்தான் மற்றவற்றைக் காப்பாற்ற முடிந்தது. சொத்தோடு சேர்த்து நாற்பது ஆண்டுப் பராமரிப்புப் பாக்கியையும் அரசு திருப்பிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனாதிபதி வாத்ஸ்லாவ் ஹவேலின் குடும்பத்துக்கும் அவருடைய தாத்தா கட்டிய லூசெர்னா மாளிகை திரும்பி வந்தது. சில ஆண்டுகளில் ஹவேலின் பாதிப் பங்கு வெளியாருக்கு விற்கப்பட, தம்பி குடும்பத்துக்கும் அவர்களுக்கும் மனஸ்தாபம். பங்காளிச் சண்டை எந்த ஆட்சியிலும் வரும்.

வாடகைக் குடிகளைப் பொறுத்தவரை செக் நாடு ஓர் இடைவழியைப் பிடித்தது. வீட்டின் உரிமை பழையவருக்குப் போனது, குடியிருப்பவர் அப்படியே இருந்தார், வாடகையை அரசு கட்டுப்படுத்தியது. வாடகை ஓடு மாற்றக்கூடப் போதவில்லை என்று வீட்டுக்காரர்கள் புலம்பினார்கள். அந்தக் கட்டுப்பாடு முழுக்க விலக 2010-களின் தொடக்கம் வரை ஆனது. தெருவில் யாரும் நிற்கவில்லை என்பதை அதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனி இதை வேறு மாதிரிச் செய்தது. 'முதலில் திருப்பிக் கொடு, முடியாவிட்டால்தான் இழப்பீடு' என்பதை 1990-இல் சட்டக் கொள்கையாகவே வைத்தது. இழப்பீடு கொடுக்கப் பணம் வேண்டும், வீட்டைக் கொடுத்தால் அரசுக்குச் செலவில்லை என்ற கணக்கும் அதில் இருந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடு, நிலம், மனைகளுக்கு மனுக்கள் குவிந்தன. மனு நிலுவையில் இருக்கும்வரை அந்தச் சொத்தை விற்க முடியாது. நகர மையங்களில் கடை வைக்க, ஆலை போட முதலீட்டாளர்கள் வந்தார்கள். உரிமையாளர் யார் என்று கேட்டால் அதிகாரிகளுக்குப் பதில் தெரியவில்லை. வேலை போய்க்கொண்டிருந்த கிழக்குப் பகுதியில் அந்த இரண்டு மூன்று ஆண்டுத் தேக்கம் பெரிய அடி. 1991-லும் 1992-லும் சட்டத்தைத் திருத்தி, வேலை தரும் முதலீடு வந்தால் மனு இருந்தாலும் விற்கலாம், மனுதாரருக்குப் பணம் கொடுத்தால் போதும் என்று மாற்றினார்கள்.

வீடுகளில் பட்ட பாடு தனி. பெர்லினை ஒட்டி க்ளைன்மாக்னோ என்று ஓர் ஊர். மதிலுக்கு இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. மேற்கே தப்பியோடியவர்களின் வீடுகளில் அரசு வேறு ஆட்களைக் குடிவைத்திருந்தது. அவர்கள் சிமெண்டுக்கும் குழாய்க்கும் அலைந்து அலைந்து அந்த வீடுகளைப் பழுது பார்த்தவர்கள், பிள்ளைகளை அங்கேயே வளர்த்தவர்கள். 1990-இல் மேற்கு பெர்லின் பதிவெண் போட்ட கார்கள் வந்து வாசலில் நின்றன. இறங்கியவர்கள் வேலிக்கு வெளியே நின்று வீட்டைப் படம் எடுத்தார்கள். ஊரின் வீடுகளில் பெரும்பங்குக்கு இப்படி மனு வந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் இதில் கொடுமை. வாடகைக்கு இருந்தவர்களில் பலர் கடைசியில் வெளியேற வேண்டியிருந்தது. கிரயத்துக்கு வாங்கியவர்களில், நேர்மையாக வாங்கினார் என்று காட்ட முடிந்தவருக்குச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. அதற்கும் ஒரு தேதி வைத்தார்கள்: கிழக்கு ஜெர்மன் தலைவர் ஹொனேக்கர் பதவி இழந்த 1989 அக்டோபர் 18. அதற்குப் பிறகு அவசர அவசரமாக வாங்கியவர்களைச் சட்டம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது.

ஜெர்மானியர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது கொஞ்சம் தாமதமாக, 1994-இல் வந்தது. அடுத்தவர் நிலத்தில் அரசு அனுமதியோடு வீடு கட்டிக்கொண்டவர், அந்த மனையைச் சந்தை விலையில் பாதி கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றது சட்டம். இடத்துக்காரருக்குப் பாதி, வீட்டுக்காரருக்குப் பாதி. இரண்டு பேரும் முணுமுணுத்தார்கள், இரண்டு பேரும் வாழ்க்கையைத் தொடர்ந்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த தோட்டக் குடில்களுக்கோ, 2015 அக்டோபர் வரை காலி செய்யச் சொல்லக் கூடாது என்று 25 ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள்.

தாளாகக் கொடுத்த ஹங்கேரி

ஹங்கேரியில் சிறுவிவசாயிகள் கட்சி, நிலத்தை 1947-இல் இருந்தபடியே திருப்பிக் கொடு என்று பிடிவாதம் பிடித்தது. அது ஆளும் கூட்டணியில் இருந்த கட்சி. அரசியல் சாசன நீதிமன்றம் 1990-இல் குறுக்கே வந்தது. நிலம் இழந்தவனுக்கு நிலம், வீடு இழந்தவனுக்குப் பணம் என்றால் அது பாகுபாடு. கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் கொடு என்றது. எனவே யாருக்கும் பழைய பொருள் கிடையாது, எல்லோருக்கும் இழப்பீட்டுச் சீட்டு என்று 1991-இல் சட்டமானது.

அந்தச் சட்டத்தின் படிக்கட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் குணம் புரியும். முதல் 2 லட்சம் ஃபோரிண்டுக்கு முழுத் தொகை. அடுத்த 1 லட்சத்துக்குப் பாதி. அதற்கடுத்த 2 லட்சத்துக்கு 30 சதவீதம். 5 லட்சத்துக்கு மேல் போனால் 10 சதவீதம்தான். 10 லட்சம் ஃபோரிண்டு சொத்தை இழந்தவருக்கு 2 லட்சம், 50 ஆயிரம், 60 ஆயிரம், 50 ஆயிரம் என்று மொத்தம் 3,60,000 வரும். சின்னச் சொத்து இழந்தவருக்கு முழுசாகக் கிடைக்கும், மாளிகை இழந்தவருக்குக் கிள்ளிப்போட்டது மாதிரி கிடைக்கும். உச்சவரம்பு 50 லட்சம்.

சீட்டைக் கொண்டு அரசு விற்கும் பங்குகளை வாங்கலாம், குடியிருக்கும் நகராட்சி வீட்டை வாங்கலாம், நில ஏலத்தில் கேட்கலாம், வயதானவர்கள் மாதாந்திரத் தொகையாக மாற்றிக்கொள்ளலாம். யாரையும் வீட்டைவிட்டுக் கிளப்ப வேண்டியதில்லை. எந்தக் கட்டடமும் வழக்கில் முடங்கவில்லை. முதலீட்டாளர்கள் ஹங்கேரியை நோக்கி முதலில் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, குறை? சீட்டு பங்குச் சந்தையில் முகமதிப்புக்குக் கீழே இறங்கியது. அவசரத் தேவை உள்ளவர் வந்த விலைக்கு விற்றார், பணம் வைத்திருந்தவர் மொத்தமாக வாங்கி ஆலைப் பங்குகளாக மாற்றினார். நில ஏலத்தில் பழைய கூட்டுப்பண்ணையின் மேலாளர்களுக்கு எந்த வயல் நல்லது என்று தெரியும், பட்டணத்தில் வாழும் வாரிசுக்குத் தெரியாது. அப்பாவின் வயலுக்குப் பதிலாக வந்த ஒரு தாள், யாரோ ஒருவரின் முதலீடாகிப் போனது. ஹங்கேரியின் வழி மலிவானது, அமைதியானது, ஆனால் மனசை ஆற்றவில்லை. மனசை ஆற்றுவது அரசின் வேலையா என்பது வேறு கேள்வி.

சட்டமே போடாத போலந்து

எல்லாவற்றிலும் மோசமான வழி எது என்று கேட்டால் யோசிக்காமல் போலந்தைக் காட்டுவேன். 1989-க்குப் பிறகு அங்கே முழுமையான சட்டமே வரவில்லை. 2001-இல் நாடாளுமன்றம் ஒன்றை நிறைவேற்றியது, செலவைக் காரணம் காட்டி ஜனாதிபதி குவாஸ்னியெவ்ஸ்கி ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தினார். எனவே ஒவ்வொருவரும் தனித்தனியாக நீதிமன்றம் போனார்கள். பழைய ஆணையில் எங்காவது நடைமுறைக் குற்றம் இருந்ததா என்று தோண்டினார்கள்.

வார்சாவில் இது எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். போரில் தரைமட்டமான நகரத்தை மறுபடி கட்டுவதற்காக 1945 அக்டோபர் 26-இல் கம்யூனிஸ்ட் தலைவர் பியெருத்தின் பெயரால் வழங்கும் ஆணை நகரத்து நிலம் முழுவதையும் மாநகராட்சிக்கு எடுத்தது. 1990-களில் அந்தப் பழைய உரிமைகளுக்கு மறுபடி மதிப்பு வந்தது. வாரிசுகள் வெளிநாட்டில் கிழவர்களாக இருந்தார்கள், அல்லது சொத்து இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். தரகர்கள் அவர்களைத் தேடிப் பிடித்து, உரிமையைச் சொற்பக் காசுக்கு எழுதி வாங்கினார்கள். ஆள் கிடைக்காவிட்டால், காணாமல்போன சொந்தக்காரரின் சார்பில் என்று நீதிமன்றத்தில் ஒரு பொறுப்பாளரை நியமிக்கச் செய்தார்கள். உயிரோடிருந்தால் 120 வயதைத் தாண்டியிருக்க வேண்டியவர்களுக்குக்கூடப் பொறுப்பாளர் நியமனமானது! அப்புறம் கட்டடம் கைக்கு வரும். உள்ளே நகராட்சி வாடகையில் இருந்த கிழவிகளுக்கு வாடகை பல மடங்கு ஏறும். போகாவிட்டால் தண்ணீர் நிற்கும், வெப்பம் நிற்கும், மராமத்து என்ற பெயரில் கூரை கழலும். இதை எதிர்த்து வாடகைதாரர் சங்கம் தொடங்கியவர்களில் ஒரு பெண், 2011 மார்ச்சில் நகர் ஓரத்துக் காட்டில் எரிந்த சடலமாகக் கிடைத்தார். யார் செய்தது என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை.

2016-இல் ஊழல் வெடித்தது. கலாச்சார அறிவியல் மாளிகையின் பக்கத்தில், நகரத்தின் நட்டநடுவில், ஹ்மியெல்னா தெரு 70-ஆம் எண் மனை. சுமார் 16 கோடி ஸ்வோட்டி மதிப்பு. உரிமையை வாங்கிய மூவரிடம் மாநகராட்சி அதைக் கொடுத்திருந்தது. ஆனால் பழைய சொந்தக்காரர் டென்மார்க் குடிமகன் என்பதால், பல பத்தாண்டுகளுக்கு முன்பே இரு அரசுகளின் ஒப்பந்தத்தின்படி அதற்கு இழப்பீடு கொடுத்தாகிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. அடுத்த ஆண்டு விசாரணை ஆணையம் வந்து, கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வேலை தொடங்கியது. 2021 ஆகஸ்டில் அன்றைய ஜனாதிபதி டூடா கையெழுத்திட்ட சட்டத் திருத்தம், 30 ஆண்டுக்கு மேற்பட்ட நிர்வாக முடிவுகளைக் கேள்வி கேட்க முடியாது என்று கதவைச் சாத்தியது. யூத வாரிசுகளுக்கான வழி அடைபட்டது என்று இஸ்ரேல் தன் தூதரகப் பொறுப்பாளரைத் திரும்ப அழைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது இதுதான்: தரகர்கள் பணம் பார்த்தார்கள், வாரிசுகள் ஏமாந்தார்கள், குடியிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சட்டம் போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதன் பலன் எப்போதும் வக்கீல் வைக்க வசதியுள்ளவருக்கே போகிறது.

ருமேனியாவில் சட்டம் இருந்தது, ஒன்றுக்கு இரண்டாக. 1995-இல் ஒரு சட்டம் நாட்டுடைமை வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்கச் சொன்னது. 2001-இல் இன்னொரு சட்டம் பழைய சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் செல்லுபடியாகும் பத்திரத்தோடு நின்றார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்து, 2010-இல் அது பொறுமை இழந்து, மொத்தச் சிக்கலையும் தீர்க்க வழி செய் என்று ருமேனியாவுக்கு உத்தரவிட்டது.

எதை எதோடு ஒப்பிடுவது

செலவை வைத்துப் பார்த்தால் பொருளாகக் கொடுப்பது அரசுக்கு மலிவு மாதிரித் தெரியும். ஜெர்மனியின் தேக்கத்தையும் வழக்குகளையும் கணக்கில் சேர்த்தால் அந்த மலிவு காணாமல் போகிறது. வேகத்தை வைத்துப் பார்த்தால் செக், ஹங்கேரி இரண்டும் ஜெயிக்கின்றன. இரண்டும் எதிரெதிர் வழிகள் என்பதைக் கவனியுங்கள். வழி எது என்பதைவிட, ஒரே வழியைச் சீக்கிரம் சொல்லிக் கெடு வைத்ததுதான் அவற்றைக் காப்பாற்றியது.

எனவே சொத்தைப் பிரித்துப் பார்க்கலாம். இன்னும் அரசின் கையிலோ பழைய ஆட்சியின் பெரும்புள்ளிகள் கையிலோ இருப்பதை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம், அதில் யாரும் தெருவுக்கு வரப்போவதில்லை. ஓவியம், நூலகம், காலி மனை எல்லாம் இதில் சேரும். தொழிலும் பெரும்பாலும் இதில் சேரும், சொந்தக்காரர் வந்து நடத்துவதாக இருந்தால். உகாண்டாவில் இடி அமீன் 1972-இல் இந்திய வம்சாவளியினரைத் துரத்தி, அவர்கள் சொத்துகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டார். அமீன் போன பின் 1982-இல் வந்த சட்டம் அந்தக் கைமாற்றங்களையே செல்லாது என்றது, வாங்கியவர் செய்த மேம்பாட்டுக்கு மட்டும் இழப்பீடு என்றது. மத்வானி, மேத்தா குடும்பங்கள் திரும்பி வந்து சர்க்கரை ஆலைகளை மறுபடி ஓட்டின. கம்பாலாவில் கடைகளும் வீடுகளும் 1990-களில் திரும்பின. ஆலை பாழாகிக் கிடந்தபோது பழைய முதலாளி பணத்தோடும் அனுபவத்தோடும் வருவது எல்லோருக்கும் லாபமாக இருந்தது.

ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு இந்த வழி ஒத்துவராது. தவறேதும் செய்யாமல் வந்து பல ஆண்டுகள் வாழ்ந்தவரை அப்படியே விட்டுவிட்டு, பழையவருக்கு உண்மையான பணம் கொடுக்க வேண்டும். பணம் இல்லாத அரசுக்கு ஜெர்மனியின் பாதிக்குப் பாதி முறை இருக்கிறது.

இனி சிரியா

அதன் பக்கத்து வீட்டில் ஒரு முன்னுதாரணம் உண்டு. சதாம் விழுந்த பிறகு இராக், 1968 ஜூலை 17 முதல் 2003 ஏப்ரல் 9 வரை பறிபோன சொத்துகளுக்கு ஓர் ஆணையம் அமைத்தது. லட்சத்துக்கும் மேல் மனுக்கள். ஒவ்வொன்றையும் நீதிமன்ற வழக்கு மாதிரியே விசாரித்தார்கள். அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் நிதி அமைச்சகம் வழக்கமாகவே மேல்முறையீடு செய்தது. ஆண்டுக்கணக்கில் தேங்கியது. வட இராக்கின் கிர்குக்கில் குர்துகளை விரட்டிவிட்டு அரபுக் குடும்பங்களைக் குடியேற்றியிருந்தார்கள். தெற்கே திரும்பிப் போகும் குடும்பத்துக்கு 2 கோடி தினாரும் ஒரு மனையும் என்று அறிவித்தார்கள். சிலர் வாங்கிக்கொண்டு போனார்கள், பலர் போகவில்லை. கிர்குக் தகராறு இன்னும் தீரவில்லை.

சிரியாவில் தேதிக் கேள்வி இராக்கைவிடக் கடினம். 2011 என்று வைத்தால் போர்க்காலப் பறிமுதல்கள் மட்டும் வரும். பாத் கட்சி ஆட்சியைப் பிடித்த 1963 என்று வைத்தால், 1970-களில் வடகிழக்கில் குர்து நிலங்களை எடுத்து 'அரபு வளையம்' என்று அமைத்த கிராமங்களும் வரும். அங்கே இன்று இருப்பது மூன்றாம் தலைமுறை. இரண்டு தேதி வைத்து, பழைய அடுக்குக்குப் பணமோ மாற்று நிலமோ மட்டும், 2011-க்குப் பிந்தியதற்கு வீட்டையே திருப்பிக் கொடுப்பது என்று பிரிப்பதுதான் எனக்குச் சாத்தியமாகத் தெரிகிறது. பதினைந்து ஆண்டுக்குள் நடந்ததில் சொந்தக்காரர் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார். தரகருக்கு விற்கும் வாரிசாக மாறுவதற்கு முன்னால் அவரைப் பிடித்துவிடலாம். மரோட்டா சிட்டியில் மட்டும் பழைய வீடு என்று ஒன்றும் இல்லை. அங்கே அன்று கொடுத்த பங்குத் தாளை இன்றைய மனை மதிப்புக்கு உயர்த்துவதும், பத்திரமில்லாத குடும்பங்களையும் பங்குதாரர் பட்டியலில் சேர்ப்பதும்தான் வழி.

2025 மே மாதம் அங்கே பழைய ஆட்சியின் அநீதிகளுக்குத் தீர்வு காண, இடைக்கால நீதிக்கான தேசிய ஆணையம் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். சொத்துக்கு அது ஒரு சட்டம் எழுதுமானால், செக் நாட்டின் குடியிருப்பு நிபந்தனை அதில் இருக்கக் கூடாது. துருக்கியிலும் லெபனானிலும் ஜெர்மனியிலும் இருக்கும் அகதி அங்கிருந்தே மனுப் போட முடிய வேண்டும். ஹோம்ஸ் நகரப் பத்திரப் பதிவு அலுவலகம் 2013-இல் எரிந்துபோனது. எனவே பத்திரம் மட்டுமே சான்று என்று வைத்தால் அந்த ஊரே தோற்றுவிடும். மின் கட்டண ரசீது, வரி ரசீது, பழைய வாடகை ஒப்பந்தம், அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். உரிமையை மூன்றாம் ஆளுக்கு எழுதிக் கொடுப்பதையும் பவர் கொடுப்பதையும், மனு முடியும்வரை செல்லாது என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். கெடு ஆறு மாதம் போதாது. இரண்டு ஆண்டு கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டக் கூடாது.